இரண்டாவது ஆளின் முகத்தைப் பாருங்கள்: பழைய நகைச்சுவைக் குறும்படங்களை ரசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான்கள் நிற்பதைத் திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த வழியில் கச்சான் விற்கும் அம்மா ஒருவரின் தட்டுக்குப் பக்கத்தில் மான் ஒன்று வந்து நின்றது. அவர் யாருக்கோ மிச்சக்காசு எண்ணிக்கொண்டிருந்தார். மான் கழுத்தை நீட்டி ஒரு கச்சான் சுருளைக் கவ்வியது. அம்மா திரும்பிப் பார்த்தார். பிறகு முன்போலவே காசை எண்ணினார். இரண்டு நாணயம் எண்ணியிருப்பார், கை அப்படியே நின்றுவிட்டது. தலை மட்டும் மெல்ல மான் பக்கம் திரும்பியது, கண் விரிந்தது. நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மான் சுருளைக் கவ்வியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அவருடைய கை நின்று, தலை திரும்புவதற்கு இடையிலிருந்த அந்த அரை விநாடியில்தான் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதிலேயே நின்றது. ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன் எடுத்த குறும்படங்களில் ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற மொட்டைத்தலை நடிகர் திரும்பத் திரும்பச் செய்தது இதைத்தான். பார்ப்பார், திரும்புவார், மூளைக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததும் திடுக்கிட்டு மறுபடி பார்ப்பார். சினிமாக்காரர் இதை 'டபுள் டேக்' என்பார்கள்.

உவர்மலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளைச் சீலை ஒன்றைக் கட்டி, சின்னப் புரொஜெக்டர் ஒன்றை வைத்து, சில சனிக்கிழமைகளில் பழைய நகைச்சுவைக் குறும்படங்கள் போடுகிறேன். பக்கத்து வீட்டுப் பெடியள், என் அம்மம்மா, வேலை முடிந்து வரும் சிநேகிதர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் சேர்வார்கள். எல்லோருக்கும் சாப்ளினைத் தெரியும், லோரல் - ஹார்டியைத் தெரியும். ஆனால் அவர்களுக்கு எதிரே நிற்கும் ஆளை யாருக்கும் தெரியாது. அந்த ஆள் இல்லாவிட்டால் பாதிச் சிரிப்பு இல்லை என்பது எனக்கு விளங்கவே பல வருடம் பிடித்தது. அதைப் பார்க்கக் கண்ணைப் பழக்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

1. எந்தப் படம், எந்தப் பிரதி

அந்தக் காலத்தில் 35 மி.மீ. படச்சுருளில் ஒரு ரீல் என்பது சுமார் 1000 அடி. பேசும் பட வேகத்தில், அதாவது விநாடிக்கு 24 சட்டத்தில் (ஃபிரேமில்), அது ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். நகைச்சுவைக் குறும்படங்கள் பெரும்பாலும் இரண்டு ரீல், ஆகவே சுமார் 20 நிமிடம். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரே படத்தை மூன்று தடவை பார்ப்பது இந்த வழிகாட்டியின் அடிப்படை என்பதால், குறும்படம்தான் இதற்குத் தோது.

தொடங்க ஆறு படம் போதும். சாப்ளினின் 'தி போன்ஷொப்' (1916), 'தி இமிகிரண்ட்' (1917). பஸ்டர் கீட்டனின் 'வன் வீக்' (1920). லோரல் - ஹார்டியின் 'பிக் பிஸ்னஸ்' (1929), 'பெர்ஃபெக்ட் டே' (1929), 'தி மியூசிக் பொக்ஸ்' (1932). முதல் ஐந்துக்கும் அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும்.

தாராளமாகக் கிடைப்பதில்தான் ஒரு சிக்கல். யாரோ கலர் பூசியது, நடுவில் 'ஹா ஹா' சத்தம் சேர்த்தது, முகமெல்லாம் வெள்ளை அடித்ததுபோல் வெளிறியது என்று பலதும் இருக்கும். துணை நடிகரின் புருவம் தெரியாத பிரதி நமக்கு வேண்டாம், எத்தனை இலட்சம் பேர் பார்த்திருந்தாலும் விடுங்கள்.

வேகத்தையும் பாருங்கள். மௌனப் படங்களைக் கையால் சுழற்றும் கமராவில், பல நேரம் விநாடிக்கு 16 முதல் 20 சட்டம் வரை எடுத்தார்கள். அதை 24இல் ஓட்டினால் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத் தெரிவார்கள். சண்டை, துரத்தல் காட்சிகளில் நகைச்சுவைக்காகவே மெதுவாகச் சுழற்றி வேகம் கூட்டியதும் உண்டு, அது அவர்கள் வேண்டுமென்று செய்தது. ஆகவே பின்னணியில் சும்மா நடந்து போகிறவர்களைக் கவனியுங்கள். அவர்களும் தத்தித் தத்தி ஓடினால் பிரதியின் வேகம் பிழை. யூடியூப்பில் வேகத்தை 0.75க்கு இறக்கிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

2. முதல் தடவை: ஒன்றும் ஆராயவேண்டாம்

சிரியுங்கள், அவ்வளவுதான். முடிந்தால் நாலு பேரோடு இருந்து பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

3. இரண்டாம் தடவை: கதாநாயகனைக் கையால் மறையுங்கள்

சொல்லுக்குச் சொல் அப்படியே செய்யுங்கள். போனில் பார்த்தால் உள்ளங்கையைத் திரைக்கு முன்னால் பிடித்துச் சாப்ளினை மறையுங்கள். டிவி என்றால் ஒரு அட்டைத் துண்டு. மற்ற ஆள் மட்டும் தெரியட்டும்.

'தி போன்ஷொப்' படத்தில் கடிகாரக் காட்சியை எடுங்கள். சாப்ளின் அடகுகடை வேலைக்காரன். வாடிய முகத்தோடு ஒருவர் மேசைக் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவருகிறார். நடிப்பவர் அல்பேர்ட் ஒஸ்டின். சாப்ளின் அந்தக் கடிகாரத்துக்கு வைத்தியம் பார்க்கிறார். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறார், விரலால் தட்டுகிறார், தகரம் வெட்டும் கருவியால் பின்பக்கத்தை வெட்டித் திறக்கிறார், மணந்து பார்க்கிறார், உள்ளே கிடந்த அத்தனையையும் வெளியே எடுத்துவிடுகிறார். கடைசியில் எல்லாத் துண்டுகளையும் வாரி அந்த மனிதரின் தொப்பிக்குள் போட்டு, 'இது வேண்டாம்' என்று தலையாட்டுகிறார்.

இனிக் கையால் மறைத்துப் பாருங்கள். ஒஸ்டின் ஒன்றும் செய்வதில்லை. கத்தவில்லை, கடிகாரத்தைப் பறிக்கவில்லை, 'ஐயோ' என்று கூடக் காட்டவில்லை. கண் மட்டும் கடிகாரத்தையும் சாப்ளினின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது. ஆசுபத்திரியில் டொக்டர் நம் பிள்ளையைச் சோதிக்கும்போது நாம் நிற்பதுபோல் நிற்கிறார். இவருக்குத் தெரியாததா, ஏதோ காரணத்துக்குத்தான் செய்கிறார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை அவர் முகத்தில் இருக்கும்வரைதான் சாப்ளின் மேலும் மேலும் போக முடிகிறது. ஒஸ்டின் நாலாவது விநாடியில் கோபப்பட்டிருந்தால் காட்சி அங்கேயே முடிந்திருக்கும். ஒன்றும் செய்யாமல் நின்று இத்தனை நிமிடம் ஒரு காட்சியைத் தூக்கிப் பிடிப்பது மிகப் பெரிய திறமை என்று நான் மனதார நினைக்கிறேன்.

நமக்கு இது புதிய கலையும் இல்லை. கோயில் திருவிழாவில் வில்லிசை கேட்டவர்கள் நினைத்துப் பாருங்கள். கதை சொல்கிறவர் ஒரு வரி சொல்வார், பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' என்பார். அந்த 'ஆமா'வை வியப்பாகவும் சொல்லலாம், சந்தேகமாகவும் சொல்லலாம், பயந்தும் சொல்லலாம். சனம் சிரிப்பது பல நேரம் கதைக்கு இல்லை, அந்த 'ஆமா'வுக்கு.

4. எந்த வகை ஆள் என்று கண்டுபிடியுங்கள்

துணை நடிகர்களை ஒரே கூடைக்குள் போட முடியாது. எதிரே நிற்பவர் மலையா, உலையா, வெடியா, சாட்சியா என்று நான் பிரித்துக்கொள்வேன்.

மலை என்றால் எரிக் கேம்பல். ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற உடம்பு, மேலே ஏறிய புருவம். மியூச்சுவல் என்ற பட நிறுவனத்துக்குச் சாப்ளின் எடுத்த 12 படங்களில் 11இல் இவர் இருக்கிறார். 'தி இமிகிரண்ட்' படத்தில் சாப்பாட்டுக் கடைப் பரிசாரகர். காசு கொஞ்சம் குறைந்த ஒருவரைப் பரிசாரகர்கள் சேர்ந்து அடித்து வெளியே போடுவதைச் சாப்ளின் பார்த்துவிடுகிறார். தன் பையில் இருந்த நாணயம் ஓட்டை வழியே விழுந்துவிட்டது என்பது பிறகுதான் தெரியவருகிறது. எப்படியோ ஒரு நாணயம் கிடைத்துக் கொடுத்தால், கேம்பல் அதைப் பல்லில் வைத்துக் கடிக்கிறார். நாணயம் வளைகிறது. அந்த இடத்தில் நாணயத்தைப் பார்க்கவேண்டாம், கேம்பல் தலையைத் திருப்பும் வேகத்தைப் பாருங்கள். அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு மெதுவாக. 1917 டிசம்பரில் இவர் கார் விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்த சாப்ளின் படங்களில் அந்த மலை இல்லாதது எனக்கு ஒவ்வொரு முறையும் தெரிகிறது. கீட்டனுக்கு இதே இடத்தில் ஜோ ரொபேர்ட்ஸ். 'வன் வீக்' படத்தில் பியானோவைத் தோளில் வைத்துச் சும்மா நடந்துவந்து, கீட்டனிடம் கொடுக்கும் ஆள் அவர்தான்.

உலை என்றால் எட்கர் கென்னடி. பால் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்: விளிம்பில் சின்னக் குமிழ், பிறகு நுரை, பிறகு மெல்ல மேலே வரும். கென்னடியின் கோபம் அப்படி ஏறும். மொட்டைத் தலையில் கையை வைத்து, அதை மெல்ல முகத்தின் மேலாகக் கீழே இழுப்பார். கை இறங்கி முடிவதற்குள் நமக்கே மூச்சு முட்டும். 'ஸ்லோ பர்ன்' என்று இதற்குப் பெயர். 'பெர்ஃபெக்ட் டே' படத்தில் காலில் பெரிய கட்டுப் போட்ட மாமாவாக வருகிறார். கதவு, நாய், ஆட்கள் என்று எல்லாம் அந்தக் காலில்தான் வந்து மோதும். இரண்டாம் தடவை பார்க்கும்போது அந்தக் காலை மட்டும் பாருங்கள். அடி விழுமுன்னமே நாம் முகத்தைச் சுளிக்கத் தொடங்கியிருப்போம்.

வெடி என்றால் ஃபின்லேசன். ஸ்கொட்லாந்தில் 1887இல் பிறந்தவர். லோரல் - ஹார்டியோடு 33 படம். ஒட்டு மீசை, ஒரு கண்ணைச் சுருக்கி மறு புருவத்தை உயர்த்தும் பார்வை.

'பிக் பிஸ்னஸ்' படத்தில் லோரலும் ஹார்டியும் கலிபோர்னியா வெயிலில் வீடு வீடாகக் கிறிஸ்மஸ் மரம் விற்கிறார்கள். ஃபின்லேசன் வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறார், மரம் கதவில் அகப்படுகிறது. மணி அடிக்கிறார்கள், திறக்கிறார், சாத்துகிறார், மறுபடி அகப்படுகிறது. இப்படிப் போய்ப் போய்க் கடைசியில் அவர் இவர்களுடைய காரை உடைக்கிறார், இவர்கள் அவருடைய வீட்டை உடைக்கிறார்கள்.

இதில் நடிகர்கள் மூவரும் காப்பாற்றும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுப்பதில்லை. நின்று பார்ப்பார்கள். உடைத்து முடிந்ததும் தலையாட்டிவிட்டுத் தங்கள் முறைக்குப் போவார்கள். கூத்தில் தருக்கம் பாடும்போது ஒருவர் பாடி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதுபோல. அந்தக் காத்திருப்பில் ஃபின்லேசனின் முகத்தில் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் நம்பமுடியாத பார்வை. பிறகு கணக்குப் போடும் பார்வை. பிறகு 'இதற்கு என்ன உடைக்கலாம்' என்று சுற்றுமுற்றும் தேடும் கண். வீட்டுக்காரர் ஒருவர் தன் யன்னல் நொறுங்குவதைப் பார்த்து யோசிக்கிறார் என்பதே சிரிப்பு.

அதே படத்தில் சாட்சியும் உண்டு. டைனி சான்ஃபோர்ட் பொலிஸ்காரராக வந்து வீதியோரம் காரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அப்புறம் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதுகிறார். தடுக்கவேண்டிய ஆள் எழுதிக்கொண்டிருக்கிறார்! நாம் உட்கார்ந்து பார்ப்பதுபோல் அவரும் பார்ப்பதால், படத்துக்குள்ளே நமக்கு ஒரு கதிரை போட்டதுபோல் ஆகிறது. அவர் முகம் காட்டப்படும் இடங்களை எண்ணுங்கள். உடைப்பு ஒரு கட்டம் ஏறும் ஒவ்வொரு இடத்திலும் அந்த முகம் வரும்.

5. மூன்றாம் தடவை: தாளம் போடுங்கள்

இதற்கு வாத்தியப் பயிற்சி வேண்டியதில்லை. தொடையில் தட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தெரிந்தால் போதும். ஒரு விஷயம் நடக்கும் இடத்தில் எண்ணத் தொடங்குங்கள், முகம் மாறும் இடத்தில் நிறுத்துங்கள். ஃபின்லேசனுக்கு ஒன்று வருவதற்குள் முடிந்துவிடும். கென்னடிக்கு நாலைந்து போகும். ஒஸ்டினுக்கு எண்ணிக்கொண்டே இருக்கலாம், முகம் மாறாது.

தவில் கேட்டுப் பழகிய காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும். பாட்டுச் சரியாகச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், தொடங்கினால் ஒரு சுகம், அரை இடம் தள்ளி எடுத்தால் இன்னொரு சுகம். வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானம் வந்து விழப்போகிறது என்று நாம் கையை ஓங்கியிருக்கும்போது அதை ஒரு நொடி பிந்தவிட்டால் உடம்பே குலுங்கும். நகைச்சுவை நடிகரும் அந்த அரை இடத்தில்தான் வேலை செய்கிறார்.

'வன் வீக்' படத்தின் முடிவுப் பகுதியை இப்படி எண்ணிப் பாருங்கள். புதுமணத் தம்பதி, கீட்டனும் சிபில் சீலியும், தாங்களே பூட்டிய வீட்டை இழுத்துப்போகும்போது அது ரயில் பாதையில் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. இருவரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று மூச்சு விடுகிறார்கள், நாமும் விடுகிறோம். அடுத்த கணம் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூளாக்குகிறது. அந்த நிம்மதிக்குக் கொடுத்த நேரத்தை எண்ணுங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் நமக்கு நிம்மதியே வந்திராது. கொஞ்சம் கூடியிருந்தால் அடுத்தது ஏதோ வரப்போகிறது என்று நினைக்கத் தொடங்கியிருப்போம். இதில் சிபில் சீலியின் பங்கை யாரும் பேசுவதில்லை. அவர் உண்மையாகவே நிம்மதி அடைவதால்தான் நாமும் அடைகிறோம்.

6. 'இழுவை' என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள்

நாலு பேரோடு பாருங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். லோரல் - ஹார்டியின் பேசும் படங்களைத் தனியே பார்த்த என் சிநேகிதர் ஒருவர் 'ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது' என்று கேட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அவர்களின் படங்களை எடுத்த ஹால் ரோச் ஸ்டூடியோவில் படத்தை வெளியிடுமுன் சாதாரண ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப வெட்டித் திருத்துவார்கள். ஸ்டான் லோரல் எடிட்டிங்கில் கூடவே இருப்பார். சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் அமுங்கிவிடக்கூடாது என்று அங்கே இடம் விட்டார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் ஒலிவர் ஹார்டி கமராவை நேரே பார்த்து, 'பார்த்தீர்களா, இவனோடு நான் படும் பாடு' என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். தனியே இருந்து பார்த்தால் அது நீளமாகத் தெரியும். பதினைந்து பேர் சிரிக்கும் மொட்டைமாடியில் அதே பார்வை அளவாக இருக்கும். சிரிப்பு அடங்கும் இடத்தில் சரியாக அடுத்த அடி விழும்.

முதன்முதல் எங்கள் மாடியில் 'தி மியூசிக் பொக்ஸ்' போட்டபோது இதைக் கண்ணால் கண்டேன். நகைச்சுவைக் குறும்படத்துக்கான முதலாவது ஒஸ்கார் விருது பெற்ற படம் அது. இருவரும் பியானோப் பெட்டி ஒன்றை நீண்ட படிக்கட்டு வழியே மேலே கொண்டுபோகப் படம் முழுதும் பாடுபடுகிறார்கள். ஏற்றியும் விட்டார்கள். அங்கே சார்லி ஹோல் என்ற குள்ளமான நடிகர் தபால்காரராக வருகிறார். சுற்றிவர வீதி இருக்கிறதே, வண்டியிலேயே கொண்டுவந்திருக்கலாமே என்று சொல்கிறார். கேலி இல்லை, நக்கல் இல்லை, வழி கேட்ட ஆளுக்குச் சொல்வதுபோல் அக்கறையாகச் சொல்கிறார். இவர்கள் உடனே பியானோவை மறுபடி கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, வீதி வழியே கொண்டுவருகிறார்கள். சார்லி ஹோல் கண்ணைச் சிமிட்டியிருந்தால், உதட்டோரம் சிரித்திருந்தால், அந்த இடம் வீணாகியிருக்கும்.

7. சத்தத்தை நிறுத்தியும், படத்தை மறைத்தும்

பேசும் படம் என்றால் ஒரு காட்சியைச் சத்தம் இல்லாமல் பாருங்கள். பிறகு கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். முகத்தில் எவ்வளவு, குரலில் எவ்வளவு என்று பிரிந்து தெரியும்.

குரலை மட்டும் கேட்டுச் சிரிக்கும் பழக்கம் இலங்கைத் தமிழருக்கு ஏற்கெனவே உண்டு. கோமாளிகள் வானொலி நாடகத்தைக் கேட்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், அப்துல் ஹமீத் என்று ஆளுக்கொரு பேச்சு வழக்கு. 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. ஒருவர் முடிக்கும் இடத்தில் இன்னொருவர் எவ்வளவு நேரம் விட்டுப் பிடிக்கிறார் என்பதுதான் அங்கே எல்லாம்.

தமிழ்ப் படத்தில் இந்தப் பயிற்சிக்கு ஒரே ஒரு காட்சி சொல் என்றால் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியைத்தான் சொல்வேன். நாகேஷைக் கையால் மறைத்துவிட்டு டி.எஸ். பாலையாவை மட்டும் பாருங்கள். கதை கேட்கும் வேலைதான் அவருக்கு. அந்தக் கேட்பில் அவர் பயப்படப் பயப்படத்தான் நமக்கு நாகேஷின் கதை பெரிதாகிறது. ஒஸ்டினைப் பார்த்துவிட்டு வந்து பாலையாவைப் பார்த்தால் இரண்டுபேரும் உறவினர்போல் தெரிவார்கள்.

8. பெயர்களை எழுதிவையுங்கள்

ஒரு கொப்பி போதும். படம், எத்தனையாவது நிமிடம், யார், என்ன செய்தார். பல படங்களில் துணை நடிகரின் பெயர் திரையில் வராது. தேடிக் கண்டுபிடித்து எழுதுங்கள். நாலைந்து படத்துக்குப் பிறகு ஒரே முகம் வெவ்வேறு தொப்பியோடு வருவது தெரியும். தெரிந்த ஒருவரை பஸ்ஸில் கண்டதுபோல் இருக்கும்.

ஒரு கவனம். அந்தக் காலப் படங்கள் சிலவற்றில் கறுப்பின மக்களை இழிவாகக் காட்டும் இடங்கள் உண்டு. பிள்ளைகளுக்குப் போடுமுன் நீங்கள் ஒருமுறை பாருங்கள். 'த்ரீ ஸ்டூஜஸ்' என்ற நகைச்சுவைக் குழுவின் 'எ பிளம்பிங் வீ வில் கோ' (1940) படத்தில் சமையற்காரராக வரும் டட்லி டிக்கர்சன் கறுப்பின நடிகர். அடுப்பிலிருந்து தண்ணீர் பாய, மின்விளக்குக்குள் தண்ணீர் நிரம்ப, அவர் ஒருவராக அந்தச் சமையலறையைத் தன்வசப்படுத்துகிறார். அப்படிப்பட்டவருக்கு அன்றைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சமையற்காரர், வேலைக்காரர் போன்ற வேடங்கள்தான். அவர் பெயரை என் கொப்பியில் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

9. ஆறும் முடிந்தபிறகு

சார்லி ஹோலுக்காகவே இரண்டு படம் பாருங்கள்: முதலில் 'தெம் தார் ஹில்ஸ்' (1934), அதன் தொடர்ச்சியான 'டிட் ஃபோர் டாட்' (1935). வரிசை மாறக்கூடாது. இரண்டாவதில் லோரலும் ஹார்டியும் கடை திறக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரரான சார்லி ஹோலோடு சண்டை. சண்டைக்குப் போகும்போது தங்கள் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த நேரம் ஒரு மனிதர் அமைதியாக உள்ளே போய், கையில் சாமானோடு வெளியே வருகிறார். எதிரே வரும் இவர்களுக்கு மரியாதையாக வணக்கமும் சொல்கிறார். நடிப்பவர் பொபி டன். ஒவ்வொரு முறையும் சாமான் பெருக்கிறது, அவருடைய நடை மட்டும் மாறுவதில்லை.

எங்கள் மாடியில் இதைப் போட்டபோது பெடியள் எல்லோரும் சண்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மம்மா மட்டும் சீலையின் ஓரத்தில் இருந்த அந்தக் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை அந்த ஆள் வந்ததும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பிள்ளையள், சண்டையை விடுங்கோ. கதவைப் பாருங்கோ, அவன் திரும்பவும் வாறான்" என்றார்.